திசை சொல்லப்படவில்லை

இரண்டும் சேர்ந்தால் போதும் என்றுதான் அர்த்தநாரிக்குப் பட்டது. பட்டதும் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் மகள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. கால் நூற்றாண்டாக ரயில் ஓட்டுகிற மனிதர் ரயில் கணக்கில் கோட்டை விடுவதைப் பார்க்கத் தாரணிக்கு ஒரு சந்தோஷம். இருந்துவிட்டுப் போகட்டும். இந்த வீட்டில் யாரும் சிரித்து மூன்று வாரமாகிறது, ரயிலைச் சொல்லியாவது ஒருத்தி சிரிக்கட்டும். அவள் பாவம், வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவள், அந்த நாளுக்குப் பிறகு ரயில் கணக்கு வருகிற பக்கங்களையெல்லாம் அப்பா இல்லாத நேரத்தில்தான் போட்டாள். இன்றைக்கு இவரேதான் போய் உட்கார்ந்து, என்ன பாடம், காட்டு காட்டு என்று பிடுங்கிப் பார்த்தார். சாயங்காலம் வரைக்கும் எதையாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான். பார்த்தால் இது. ஒரு ரயில், பாதையை ஒட்டி நடந்து செல்லும் ஒரு மனிதனைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? கூற்று ஒன்று, ரயிலின் நீளமும் வேகமும். கூற்று இரண்டு, மனிதன் மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறான். விடையைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லையாம். முதல் கூற்று மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, இரண்டும் சேர்ந்தால் போதுமா, சேர்ந்தாலும் போதாதா, அதைச் சொன்னால் மதிப்பெண் கொடுத்துவிடுவார்களாம். டேட்டா சஃபிஷியன்சி என்று பெயர். கணக்கைப் போடாமலே கணக்கு முடிந்துவிடுகிறது, நல்ல பிழைப்புத்தான். "திசை எங்கப்பா சொல்லீருக்கான்?" என்றாள் தாரணி. "ஆளு ரயிலுக்கு எதிர்ல வர்றானா, இல்ல ரயில் போற பக்கமே போறானா? எதிர்ல வந்தா ரெண்டு வேகத்தையும் கூட்டோணும். ஒரே பக்கம் போனாக் கழிக்கோணும். அது தெரியாம எப்படிப் போதும்?" அவர் விடவில்லை. "மூணு கிலோமீட்டர்ல என்ன சாமி வந்துறப் போகுது, கூட்டுனா என்ன, கழிச்சா என்ன." "ஒரு செகண்டு கூட வித்தியாசம் வராதுப்பா. ஆனா வித்தியாசம் வித்தியாசந்தானே" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். யாரிடம் எதைச் சொல்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். புத்தகத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்தாள். அவர் விரலை எடுக்கவில்லை. இருக்கட்டும் கண்ணு, அடுத்ததைப் படி என்றார்.

அவள் படித்தாள், இவர் காதில் விழவில்லை. ஒரு வினாடிகூட வித்தியாசம் வராது. சரிதான். ஓட்டுகிறவனுக்கு ஒரு வித்தியாசமும் கிடையாது. ஆள் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாலும் வண்டி நிற்கிற தூரம் ஒன்றுதான், அவசர பிரேக்கை இழுத்தால் அது தன் இஷ்டத்துக்குப் போய்த்தான் நிற்கும், பின்னால் இழுத்து வருகிற பாரம் அப்படி. ஆனால் காலையில் தொலைபேசியில் பேசினாளே அந்தப் பெண், ருக்மணி, அவளுக்கு அந்த வித்தியாசம்தான் உயிர். எண்ணை எங்கே பிடித்தாளோ. "அண்ணா, நான் அவரோட சம்சாரம் பேசறனுங்" என்றாள், யாருடைய சம்சாரம் என்று சொல்லாமலே இவருக்குத் தெரிந்துவிட்டது. "எதிர்ல வந்து உழுந்தாருன்னு போலீஸ்ல சொன்னாங். நீங்க பாத்தீங்களாண்ணா? அன்னிக்குக் காத்தால நான் ஒரு வார்த்தை சொல்லிப்போட்டனுங். எங்காச்சும் போய்ச் செத்துத் தொலைன்னு. தறிக்கு நூல் எடுக்கப் போறன்னு கெளம்புனவரு. அதுக்குத்தான் போனாரான்னு எனக்குத் தெரிஞ்சாகோணும். ரெண்டு புள்ளைங்க மூஞ்சியப் பாக்க முடியலீங்." வாங்க அம்மிணி, சாயங்காலம் வாங்க என்று சொல்லி வைத்துவிட்டார். ஏன் சொன்னார்? எனக்குத் தெரியாது, போலீசைக் கேளுங்கள் என்றிருக்கலாம், எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். மனைவி கோமதி வீட்டில் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாள், நல்ல வேளை தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறாள். தாரணிக்கும் சொல்லவில்லை. வருகிறவள் வாசலோடு போய்விடுவாள், இரண்டு வார்த்தை, அவ்வளவுதான் என்று மத்தியானத்திலிருந்து தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டு வார்த்தைதான். எந்த இரண்டு?

எதிரே வந்து விழுந்துவிட்டார். அதை இவர்தான் சொன்னார். வண்டி நின்றதும் வாக்கிடாக்கியை எடுத்து ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொன்ன முதல் வாக்கியம் அதுதான், யோசித்துச் சொன்னதில்லை, கையை நீட்டினால் பல் துலக்குகிற பிரஷ் வருவது போல வாயில் வந்தது. எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். உதவியாளனாக இருந்த காலத்தில் அவருக்கு மேலே வண்டி ஓட்டிய பைலட் பரமசிவம் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்லிக் கொடுத்தது. தம்பி, ரன் ஓவர் ஆனால், ஆள் அடிபட்டுச் செத்தால், எதிரே வந்து விழுந்தார் என்று சொல், அப்போதுதான் ஓட்டினவன் மேல் எந்தக் கேள்வியும் வராது. தண்டவாளத்தைத் தாண்டின கிழவி, காதில் பாட்டு மாட்டிக்கொண்டு போன பையன், சாராயம் குடித்துவிட்டுப் படுத்துக் கிடந்தவன், எல்லோரும் எதிரே வந்துதான் விழுந்தார்கள். படுத்துக் கிடந்தவன் எப்படிய்யா எதிரே வந்து விழுவான் என்று ஒருவரும் கேட்டதில்லை. ஓட்டுகிறவர்களுக்கு அது ஒரு பேச்சு, கல்யாண வீட்டில் சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்கிற மாதிரி. அதற்கு ஒரு திசை உண்டு, அதைக் கேட்டு எழுதுகிற போலீஸ்காரர் அதைத் தற்கொலை என்று எழுதுவார், அது ஒரு வீட்டுக்குள் போய் ஒருத்தியின் மடியில் உட்காரும் என்றெல்லாம் யார் யோசித்தது? அர்த்தநாரி யோசிக்கவில்லை. யோசிக்காமலேயே ஷெட்டுக்கு வந்து, வழக்கம்போலச் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வீட்டு வாசலிலேயே, போட்டிருந்த துணியோடு, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உள்ளே வந்தார். அன்றைக்குக் கோமதியிடம் ஒன்றே ஒன்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார். ஹார்ன் அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன். தாரணி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நீங்க கவனிக்கவே இல்ல" என்றாள் தாரணி. அவள் வேறொரு கணக்கில் இருந்தாள், இரண்டு ரயில்கள், அடுத்தடுத்த தண்டவாளம், ஒன்றை ஒன்று கடக்க எவ்வளவு நேரம். இவர் மறுபடியும் தப்பாகச் சொன்னார். இரண்டாவது கூற்று மட்டும் போதும் என்றார். அவளுக்கு வாத்தியார் புத்தி வந்துவிட்டது. "எல்லாரும் பண்ற தப்பு இதுதாம்ப்பா. ரெண்டாவதைப் படிக்கும்போது ஒண்ணாவதுல இருந்ததை மனசுக்குள்ள வச்சுக்கிட்டே படிக்கறீங்க. ஒண்ணைப் பாக்கும்போது இன்னொன்னைச் சுத்தமா மறந்தறோணும். கோச்சிங்ல சார் ஒண்ணாவதைக் கையால மூடிக்கிட்டுப் படிக்கச் சொல்லுவாரு." உள்ளங்கையால் முதல் கூற்றை மறைத்துக் காட்டினாள். சின்னக் கை, நகத்தில் பேனா மை. அர்த்தநாரி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறக்கச் சொல்லித் தர வேண்டுமா அவருக்கு? மூன்று வாரமாக வேறென்ன செய்துகொண்டிருக்கிறார்? வளைவு திரும்பினதும் ஆள் தெரிந்தது, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே, முதுகைக் காட்டிக்கொண்டு, வண்டி போகிற பக்கமாகவே, சாவகாசமாக, சந்தைக்குப் போகிற நடை. வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. முதுகுதான். முகத்தைப் பார்க்கவே இல்லை. இது ஒன்று. இதை நினைக்கிறபோது அவர் ஹார்னை நினைப்பதில்லை. வெறும் முதுகு, வண்டி வருவது தெரியாத ஒரு முதுகு, பாவம் என்று நினைத்துக்கொண்டு புரண்டு படுத்துவிடலாம். அப்புறம் ஹார்ன். உதவியாளன் ஜெபராஜ் சார் ஆளு சார் ஆளு என்று கத்தினதுமே கை அதன்மேல் போய்விட்டது, ஒரு கையால் பிரேக், ஒரு கையால் ஹார்ன், மலையடிவாரத்து ஆடு மாடெல்லாம் சிதறி ஓடியிருக்கும் அந்தச் சத்தத்துக்கு. இது இன்னொன்று. இதை நினைக்கிறபோது முதுகை நினைப்பதில்லை. நம்முடைய வேலையை நாம் செய்தோம், ஒரு குறையும் இல்லை என்று நினைத்துக்கொண்டு எழுந்து டியூட்டிக்குப் போகலாம். தனித்தனியாக வைத்திருந்தால் இரண்டும் சாதுவாகத்தான் இருக்கின்றன. தனித்தனியாக எதற்கும் போதாது. சேர்த்து வைக்கத்தான் கூடாது. அப்படியொரு ஹார்னுக்கு அப்படியொரு முதுகு ஏன் திரும்பவில்லை? வேண்டாம். அங்கே போகவே வேண்டாம். காது கேட்காதவராக இருக்கலாம். உலகத்தில் எத்தனை பேருக்குக் காது கேட்பதில்லை, தறிக்காரர்களில் பாதிப் பேருக்குக் காது மந்தம்தான், அந்தச் சத்தத்தில் எந்தக் காது தாங்கும்? அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் இந்த மூன்று வாரத்தைத் தள்ளியிருக்கிறார். முகம் தெரியாத மனிதர் செவிடராக இருக்க வேண்டுமே சாமி என்று கும்பிட்ட ஆள் இந்தப் பூமியில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அன்றைக்கு ஹார்னுக்கு அப்புறம் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். அதையும் யாரிடமும் சொன்னதில்லை, எல்லோரும் மூடிக்கொள்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் கேட்பதும் இல்லை. பிரேக்கை இழுத்தாகிவிட்டது, இனி செய்ய ஒன்றுமில்லை, பார்ப்பது மட்டும்தான் பாக்கி. அதை எதற்குப் பார்க்க வேண்டும்? மூடின கண்ணுக்குள்ளே அந்த முதுகு அப்படியே நின்றது. வெளியே என்ன நடந்தது? திரும்பினாரா? திரும்பிப் பார்த்துவிட்டு அய்யோ என்று விலகப் போனாரா, துண்டு மாட்டிக்கொண்டதா, கால் இடறியதா? இல்லை, திரும்பிப் பார்த்துவிட்டு வா என்பதுபோல நின்றாரா? ஜெபராஜைக் கேட்கலாம். அவனும் மூடிக்கொண்டிருப்பான், பையனுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை, அன்றைக்கு இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பக்கத்திலிருந்த பாலத்துச் சுவரில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். எதிர்த் தண்டவாளத்தில் அந்த நேரம் பார்த்து ஒரு சரக்கு வண்டி கடந்து போயிற்று, பெட்டி பெட்டியாக, நின்றுகொண்டிருக்கிற தன் வண்டி பின்னால் நழுவிப் போகிற மாதிரி இவருக்கு இருந்தது. நழுவட்டும் என்று ஆசையாகக்கூட இருந்தது. அப்படியே பின்னாலேயே நழுவி, வளைவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால், ஆள் இன்னும் நடந்துகொண்டிருப்பார். சரக்கு வண்டியின் கார்டு பச்சைக் கொடியை ஆட்டிக்கொண்டே போனார், எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது அவர் பார்த்த பக்கத்தில். பயம் என்றால் அன்றைக்கு வரவில்லை, இப்போது வருகிறது, பட்டப்பகலில், மின்விசிறிக்குக் கீழே மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது. வருகிறவளுக்கு என்ன சொல்லப் போகிறார்? பொய் சொல்லத் தேவையே இல்லை என்று திடீரென்று தோன்றியது. முதுகு உண்மைதானே. அதை மட்டும் சொன்னால் போதும். எதிரே வந்து விழுந்தார் என்றது வாய்ப்பழக்கம் அம்மிணி, உங்கள் வீட்டுக்காரர் முதுகைக் காட்டித்தான் நடந்துகொண்டிருந்தார், வண்டி வந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. ஒரே ஒரு கூற்று. இன்னொன்றின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிவிடலாம். மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவருக்கு மூச்சு சீராக வந்தது.

வாசல் கேட்டின் கொக்கி சத்தம் போட்டது. தாரணி எழப் போனாள், நீ படி என்று சொல்லிவிட்டு அவரே போனார். நினைத்ததைவிடச் சின்னப் பெண். ஒற்றை நாடி, வெயிலில் வந்து முகம் கருத்திருந்தது, நெற்றி வெறுமையாக இருந்தது. உள்ளே வாங்க என்றதற்குத் தலையை ஆட்டிவிட்டுச் செம்பருத்திச் செடி பக்கத்திலேயே நின்றுகொண்டாள். தண்ணீர் வேண்டாம் என்றாள். "சொல்லுங்கண்ணா" என்றாள், அவ்வளவுதான். அவர் மத்தியானம் முழுக்கச் சேர்த்து வைத்திருந்ததைச் சொன்னார், சொல்லச் சொல்ல அது நிஜமாகவே நல்ல பேச்சாக இருந்தது. "எதிர்ல வந்தாருன்னு நான் சொன்னது தப்புங் அம்மிணி. எல்லாத்துக்கும் அப்படிச் சொல்றது எங்களுக்குப் பழக்கம். உங்க வூட்டுக்காரரு முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் நடந்து போனாரு. அப்படியே நேராப் போய்க்கிட்டு இருந்தாரு. வேணும்னு வந்தவரு இல்லீங்." அவள் முகத்தில் ஏதோ தளர்ந்தது. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நெசமாவாண்ணா?" "என்ற புள்ள மேல சத்தியமா" என்றார், அது உண்மைதான் என்பதால் கூச்சமில்லாமல் சொன்னார். அவள் கண்ணை முந்தானையால் துடைத்தாள். போய்விடுவாள் என்று நினைத்தார். போகவில்லை. துடைத்துக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது.

"அப்ப வண்டி வர்றது அவருக்குத் தெரியலைங்களா?" என்று கேட்டாள். தெரியலைங் என்றார். "காது நல்லாக் கேக்குமுங் அவருக்கு" என்றாள், யாரையும் குற்றம் சொல்கிற குரலில் இல்லை, தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிற குரலில். "தறி ஓடிக்கிட்டு இருக்கும், நான் அடுப்படியில முணுமுணுக்கறது கேக்கும். அங்கிருந்தே பதில் சொல்லுவாரு. அதுக்குத்தான் பாதிச் சண்டையே வரும். அத்தனை பெரிய வண்டி வர்றது எப்படிங்ண்ணா கேக்காமப் போகும்?" பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க ஆரன் அடிச்சீங்களா?"

எத்தனை எளிதாக வந்துவிட்டாள். படிக்காத பெண், ஒரு செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவர் மூன்று வாரமாகப் பிரித்துப் பிரித்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சேர்த்துவிட்டாள். செவிடரும் இல்லை. இனி அந்த மனிதர் செவிடராக ஒருபோதும் ஆக மாட்டார். முதுகு இருக்கிறது, காது இருக்கிறது, இவர் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துவிடும், கணக்கைப் போட்டுக்கூடப் பார்க்க வேண்டாம், அவளே போட்டுக்கொள்வாள், வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலேயே போட்டுவிடுவாள், அப்புறம் வாழ்நாள் பூராவும் அதே கணக்குத்தான், செத்துத் தொலை, செத்துத் தொலை என்று. அடித்தேன் அம்மிணி, கை மரத்துப்போகிற அளவுக்கு அடித்தேன். அதுதான் உண்மை. ஜெபராஜ் சாட்சி, சுற்றுவட்டாரமே சாட்சி. பைலட்டுக்கு அதுதானே கௌரவம், நான் அடித்தேன் என்பதுதானே இத்தனை நாள் அவரைத் தூங்கவிட்டது, அதையும் கொடுத்துவிட்டால் கையில் என்ன இருக்கும்? இவள் போய் எங்காவது புகார் கொடுத்தால்? விசாரணை வைப்பார்கள், நாற்காலியைப் போட்டு உட்காரவைத்துக் கேட்பார்கள். கேட்கட்டும். வண்டி நிற்காது என்று தெரிந்த பிறகும் பிரேக்கை இழுக்கத்தான் செய்கிறோம், இழுக்காமல் இருக்க முடிவதில்லை. உள்ளே தாரணியின் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"அடிக்கலீங் அம்மிணி" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை, அல்லது புரிந்ததை நம்பவில்லை. "என்னங்?" என்றாள். "ஆரன் அடிக்கலீங். வளைவு திரும்பறப்ப அடிச்சிருக்கோணும். கவனம் வேற எங்கயோ போயிருச்சு. ஆளைப் பாத்தப்ப நேரம் கடந்து போச்சுங். அவருக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சிருந்தா வெலகியிருப்பாரு." கடைசி வாக்கியத்தை அவர் கொஞ்சம் அழுத்திச் சொன்னார். "அப்பா!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது, தாரணி நிலைப்படியில் நின்றாள், அவள் கண்ணைப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டிச் சும்மா இரு என்று காட்டினார். அடித்தாரா? அடித்தாரே. அடித்ததைச் சொல்லிச் சொல்லித்தானே அன்றைக்கு வாசலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். ஆனால் சொல்லி முடித்த அந்த நொடியில் சத்தத்தை நினைவில் தேடினால் சத்தம் இல்லை, ஜெபராஜ் வாயைத் திறப்பது தெரிகிறது, முதுகு தெரிகிறது, எல்லாம் ஊமையாக நடக்கிறது.

ருக்மணி குனிந்தாள். மயங்கி விழப் போகிறாள் என்று நினைத்து அவர் ஓர் அடி முன்னால் வைத்தார். செடியடி மண்ணை இரண்டு கையாலும் வாரி அவர் முகத்தில் வீசினாள். "நீ நல்லா இருப்பியாடா? உன்ற கை வெளங்குமா? சும்மா நடந்து போன மனுசனை, என்ற புள்ளைங்க அப்பனை, ஒரு ஆரன் அடிக்க வலிச்சுதா உனக்கு? நீ வெளங்கவே மாட்ட!" பக்கத்து வீடுகளில் ஜன்னல் திறந்தது. மண் கண்ணிலும் வாயிலும் போயிருந்தது, அவர் துடைத்துக்கொள்ளவில்லை. இன்னொரு கை வாரி வீசினாள், பிறகு திரும்பி நடந்தாள், கேட்டைச் சாத்தாமல், தலைமுடி அவிழ்ந்து விழ, அழுகையும் வசவுமாக. தாரணி ஓடிவந்து அவர் தோளைப் பிடித்து, "நீங்க அடிச்சீங்களே, அம்மாகிட்டச் சொன்னீங்களே, எதுக்குப்பா இப்படி?" என்று உலுக்கினாள். அவர் தெருவையே கேட்டுக்கொண்டு நின்றார். பாவி, கொலைகாரா, நாசமாப் போ என்று அந்தக் குரல் வீடு வீடாகத் தாண்டிப் போனது. தெரு முனை திரும்பும் வரைக்கும் அவரைத்தான் திட்டினாள். தன்னைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.